மீனை விடுங்கள், பந்தைப் பாருங்கள்

2023 ஆகஸ்ட் 12, சனி

ஈஸ்ட் பெங்கால் 1, மோகன் பாகான் 0. இந்த வரியை எழுத நாலரை வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2019 ஜனவரியில் ஜெயித்தது. அதற்கப்புறம் இந்த இரண்டு அணியும் மோதிய டெர்பியில் வெற்றியே இல்லை, கடைசி எட்டும் தோல்வி. இன்று நடந்தது டூரண்ட் கோப்பையின் முதல் சுற்று ஆட்டம்தான். ஆனால் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் எங்கள் சிவப்பு-மஞ்சள் கேலரி போட்ட சத்தத்தைக் கேட்டவர்கள், கோப்பையே கைக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

தொண்டை கட்டியிருக்கிறது, கை கட்டவில்லை. கோலை எழுதி வைத்துவிடுகிறேன். 60ஆவது நிமிடம். வலது ஓரத்தில் நந்தகுமார் சேகரிடம் பந்து. எதிரே அனிருத் தாப்பா. சென்னையின் எஃப்சியில் பல வருஷம் ஆடிவிட்டு இந்தக் கோடையில்தான் பாகானுக்கு வந்தவர். நந்தா கோட்டோரமாக ஓடுவார் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் உள்பக்கம் வெட்டினார். இடது காலால் தூரக் கம்பத்தைப் பார்த்து வளைத்து விட்டார். கீப்பர் விஷால் கைத் பாய்ந்தும் எட்டவில்லை. அதிர்ஷ்டத்தில் விழுந்த கோல் இல்லை இது. ஒரு விங்கர் எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்து அடித்த கோல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு நான் சென்னைக்காரன் என்று தெரிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார், நானே அடித்த மாதிரி. வீடு திரும்பும் வழியில் ஊரிலிருந்து மாமா பையன் போன்: “அண்ணே, நம்ம நந்தா கோல் அடிச்சிட்டானாமே! எந்த டீமுக்கு?”

2023 ஆகஸ்ட் 13, ஞாயிறு

காலையில் லேக் மார்க்கெட்டுக்குப் போய் காபித்தூளோடு கைக்குக் கிடைத்த பேப்பரையெல்லாம் வாங்கிவந்தேன். ஆங்கிலப் பேப்பரில் இலிஷ் மீன். இன்னொன்றில் இலிஷ் மீனும் பிரிவினையும். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் விலை ஏறும், பாகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும் என்பது இந்த ஊரில் நாங்கள் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளும் பேச்சு. சீண்டலைச் செய்தியாக்கி, செய்தியை வரலாறாக்கி, கடைசியில் கோலுக்கு இரண்டு வரி ஒதுக்கியிருக்கிறார்கள். அதிலும் நந்தா வெறும் ‘சென்னைப் பையன்’. உள்ளே வெட்டியது, தாப்பா ஏமாந்தது, ஒன்றும் இல்லை.

வரலாறுதான் வேண்டுமென்றால் முழுசாகச் சொல்லலாமே. எல்லாக் கட்டுரையும் 1947-இல் அகதிகளோடு தொடங்குகிறது. ஈஸ்ட் பெங்கால் பிறந்தது 1920-இல். ஜோராபாகான் என்ற கிளப் மோகன் பாகானுக்கு எதிரான ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்டது. அந்தக் கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி கோபித்துக்கொண்டு வெளியே வந்தார். சில நாட்களில் புதுக் கிளப் எழுந்தது. கிழக்கு வங்கத்துக்காரர்களை இளக்காரமாகப் பார்த்த மனக்குறை அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தொடக்கப்புள்ளி, ‘இவனை ஏன் ஆட விடவில்லை?’ என்ற கேள்விதான். உலகத்தில் எல்லாக் கால்பந்து ரசிகனும் ஆட்டம் முடிந்த ராத்திரி கேட்கிற கேள்வி.

பிரிவினைக்குப் பின் ஆயிரக்கணக்கானவர்கள் அகதிகளாக வந்து இறங்கிய காலத்தில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடியவர்கள் யார்? அகமத் கான், வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், சாலே. ‘பஞ்ச பாண்டவர்’ என்று பெயர். ஐந்து பேரும் தென்னிந்தியர்கள். 1949, 50, 51 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஐஎஃப்ஏ ஷீல்டு வந்தது. வீடு இழந்து வந்தவனின் பெருமையை மீட்டுக் கொடுத்தவர்கள் வங்காளமே தாய்மொழியாக இல்லாதவர்கள். அந்தப் பக்கம் பாருங்கள்: 1911-இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று தோற்கடித்த மோகன் பாகான் அணியில் பலர் கிழக்கு வங்க வேர் கொண்டவர்கள். ‘இந்த மண் - அந்த மண்’ என்று பேப்பர் போடும் கோட்டை ஆட்டக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

2023 செப்டம்பர் 3, ஞாயிறு

டூரண்ட் இறுதி ஆட்டம். அதே மைதானம், அதே இரண்டு அணி. தாப்பா சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனதும் எங்கள் கேலரி கொண்டாட ஆரம்பித்தது. பாகானுக்குப் பத்துப் பேர். அதற்குப் பிறகுதான் அவர்களின் பெட்ராடோஸ் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார். யாரும் குறுக்கே போகவில்லை, எல்லோரும் பின்வாங்கினார்கள். பாக்ஸுக்கு வெளியிலிருந்தே இடது காலால் உதைத்தார். 1-0. கோப்பை அவர்களுக்கு.

எதிரியின் ஆட்டக்காரனைப் புகழ்ந்தால் கட்சி மாறிவிட்டான் என்பார்கள். இருந்தாலும் எழுதுகிறேன்: ஒரு ஆள் குறைந்த அணியில், தற்காப்புக்கு ஓடாமல் முன்னே ஓடத் துணிந்தார் பாருங்கள், அதுதான் வித்தியாசம். நம்மவர்கள் ஆள் கூடியதும் ஆட்டத்தை மெதுவாக்கிவிட்டார்கள். நாளைய பேப்பரில் இது இருக்காது.

நாளைக்கு ஆபீஸில் பக்கத்து மேசை பாகான்காரர் டிபன் பாக்ஸில் இறால் கொண்டுவருவார். கொண்டுவரட்டும். அவருக்கு அந்த உரிமை உண்டு, தொண்ணூறு நிமிஷமும் பார்த்தவர்.

2024 ஜனவரி 28, ஞாயிறு

புவனேஸ்வர் கலிங்கா மைதானம், சூப்பர் கோப்பை. கூடுதல் நேரத்தில் கிளெய்ட்டன் சில்வா அடித்த கோலில் ஒடிசாவை 3-2 என்று வென்றோம். சமன் செய்த முதல் கோல் நந்தாவுடையது. அதுவும் அவருடைய பழைய அணிக்கு எதிராக. 2012-க்குப் பிறகு ஈஸ்ட் பெங்காலுக்குக் கிடைத்த முதல் தேசியக் கோப்பை.

19ஆம் தேதி டெர்பியிலும் இப்படித்தான். யூஸ்டே கோலால் பாகான் முந்தியது, கிளெய்ட்டன் சமன் செய்தார், பெட்ராடோஸ் பெனால்டியைத் தவறவிட்டார். பின்பாதியில் நந்தா ஒன்று, கிளெய்ட்டன் இன்னொன்று, 3-1. பாகானின் ஏழு பேர் ஆசியக் கோப்பைக்காகக் கத்தாரில் இருந்தார்கள் என்று பாகான்காரர் சொல்கிறார். நியாயமான வாதம். அதற்கு என் பதிலும் நியாயமானதுதான்: பெனால்டியைத் தவறவிட்டவர் கத்தாரில் இல்லை. ஒரு வாரமாக இது ஓடுகிறது. இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

டிவியைப் பற்றிப் புலம்பக்கூடாது என்று பார்க்கிறேன். இன்று ஹைதராபாத் டெஸ்டில் இங்கிலாந்து இந்தியாவை 28 ரன்னில் தோற்கடித்தது. பிரிஸ்பேனில் வெஸ்ட் இண்டீஸ் ஆஸ்திரேலியாவைச் சாய்த்தது. கிரிக்கெட்டுக்குப் பெரிய நாள், அது முதலில் வருவதில் குறையில்லை. ஆனால் ராத்திரி விளையாட்டுச் செய்தியில் அரை நிமிஷமாவது கால்பந்து வந்தபோது காட்டியது என்ன? கோப்பையைத் தூக்கும் படம், பட்டாசு, அழுகிற ரசிகர். ஐந்து கோல் விழுந்த ஆட்டத்தில் ஒரு கோலைக்கூடக் காட்டவில்லை.

2024 மார்ச் 10, ஞாயிறு

ஐஎஸ்எல் டெர்பி. பிரிகேட் மைதானத்தில் ஆளுங்கட்சிப் பொதுக்கூட்டம், போலீஸெல்லாம் அங்கே. எனவே ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. இந்த ஊரில் பந்து எப்போது உருளும் என்பதைப் போலீஸ் எண்ணிக்கை முடிவு செய்கிறது.

நமக்கு ஆரம்பத்திலேயே பெனால்டி. கிளெய்ட்டன் அடித்தார், விஷால் கைத் தடுத்தார். பிறகு பாகானின் கமிங்ஸ், லிஸ்டன், பெட்ராடோஸ், இடைவேளைக்குள் 0-3. பின்பாதியில் சவுல் கிரெஸ்போ ஒன்று திருப்பினார், அவ்வளவுதான். ஆட்டத்தை மாற்றியது விஷாலின் கைகள். ஆனால் கோல் அடித்தவர்களுக்குத்தான் பேட்டி. கீப்பரைப் பற்றி எழுத நம் நாட்டு நிருபர்களுக்கு அவர் தவறு செய்ய வேண்டும்.

இன்னொன்று உறுத்துகிறது. இரண்டு அணியிலும் நடுவில் நின்று கோல் அடிப்பவர்கள் பிரேசில்காரர், ஆஸ்திரேலியர்கள், அல்பேனியர். நம்மவர்கள் ஓரத்தில். நந்தாவும் லிஸ்டனும் நல்ல விங்கர்கள். நடுவில் நிற்க ஒரு இந்தியனைப் பழக்க எந்தக் கிளப்புக்கும் பொறுமையில்லை.

2024 ஜூன் 6, வியாழன்

சுனில் சேத்ரியின் கடைசி சர்வதேச ஆட்டம் என்று அறிவிக்கப்பட்ட ஆட்டம், குவைத்துக்கு எதிராக, சால்ட் லேக்கில். 0-0. 94 கோலோடு விடைபெற்றார். 2002-இல் மோகன் பாகானில் தொடங்கியவர், பிறகு ஈஸ்ட் பெங்கால் சட்டையும் போட்டவர். இன்று கேலரியில் எந்தக் கிளப் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

எல்லா சேனலிலும் கண்ணீர். நாளையிலிருந்து நடுவில் நின்று கோல் அடிக்கும் ஒன்பதாம் நம்பர் யார் என்று ஒரு சேனலும் கேட்கவில்லை. மார்ச்சில் நான் எழுதியதற்கும் இதற்கும் உள்ள தொடர்பு பத்து வயசுப் பையனுக்கே புரியும்.

2024 ஜூலை 13, சனி

1997-இன் இதே தேதி, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி டெர்பி. எல்லோரும் வருஷா வருஷம் எழுதுவது ஒரே எண்: சால்ட் லேக்கில் 1,31,000 பேருக்கு மேல். பைச்சுங் பூட்டியா மூன்று கோல், ஈஸ்ட் பெங்கால் 4-1.

எனக்கு அந்தக் கூட்டத்தைவிட அதற்கு முந்தைய வாரத்துப் பேப்பர்கள்மேல்தான் பொறாமை. பாகான் கோச் அமல் தத்தா ‘டைமண்ட்’ என்ற தாக்குதல் வியூகத்தில் சர்ச்சில் பிரதர்ஸை 6-0 என்று நொறுக்கியிருந்தார். அந்தத் தெம்பில் எதிரணி ஆட்களுக்குப் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார். ஓமோல்லோவை ‘ஆம்லெட்’ என்றார். எதிர்ப்பக்கம் பி.கே. பானர்ஜி அதே கேலியைச் சொல்லியே தன் ஆட்களை உசுப்பினார். பேப்பர்கள் இரண்டையும் ஊதிவிட்டன, சந்தேகமில்லை. ஆனால் அந்த வாய்ச்சண்டைக்கு நடுவில் ஒரு அசல் கேள்வி இருந்தது: டைமண்டை உடைப்பது எப்படி? டீக்கடையில் கரியால் தரையில் படம் போட்டுச் சண்டை போட்டார்கள் என்று பாகான்காரர் சொல்லுவார். தோற்ற கதையைச் சொல்லும்போதுகூட அவர் முகம் மலரும். இப்போது வாய்ச்சண்டை மட்டும் மிச்சமிருக்கிறது.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்று டெர்பி நடக்கவில்லை.

ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் 9ஆம் தேதி ஒரு பெண் டாக்டர் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டதிலிருந்து ஊர் கொதிக்கிறது. பாதுகாப்புக்குப் போலீஸ் இல்லை என்று நேற்று ஆட்டத்தை ரத்து செய்தார்கள். கேலரியில் நீதி கேட்டு பேனர் எழும் என்ற பயம்தான் காரணம் என்று ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள். ஆட்டத்துக்கு அனுப்ப இல்லாத போலீஸ், மைதானத்துக்கு வெளியே பைபாஸில் ஏராளமாக இருந்தது.

சிவப்பு-மஞ்சள், பச்சை-மெரூன், முகமதன் ஸ்போர்ட்டிங்கின் கறுப்பு-வெள்ளை, மூன்றும் ஒரே சாலையில். இரண்டு கேலரிக்கும் ஒரே குரல் என்று கோஷம். பாகான் கேப்டன் சுபாசிஷ் போஸ் மனைவியோடு வந்து கூட்டத்தில் நின்றார். தடியடி நடந்தது. ஆட்களைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். பாகான்காரரும் நானும் ஒன்றாகத்தான் ஓடினோம்.

2024 ஆகஸ்ட் 19, திங்கள்

கோல் விழுந்தபோதெல்லாம் கண்ணில் படாத டெர்பி, பந்தே உருளாத நாளில் தேசியச் செய்தியாகிவிட்டது. பரம எதிரிகள் கைகோத்தார்களாம், நூற்றாண்டுப் பகை ஒரு நாளில் கரைந்ததாம்.

எதுவும் கரையவில்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இந்த டெர்பியில் 16 பேர் செத்தார்கள். பகை எங்கே கொண்டுபோய் விடும் என்பது இந்த ஊர் ரசிகனுக்குத் தெரியும்; அவன் வளர்த்துக்கொண்டது வேறு. எதிரணி கீப்பரின் பலவீனம் முதல் அவன் முழங்கால் காயம் வரை தெரிந்துவைத்திருந்தால்தான் டெர்பியில் வாதாட முடியும். அப்படி வருஷக்கணக்கில் ஒருவரையொருவர் கூர்ந்து பார்த்தவர்கள் தெருவில் பக்கத்தில் நிற்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதிசயமாகத் தெரிகிறதென்றால், இத்தனை வருஷமாக ஆட்டத்தைப் பார்க்காமல் மீனை எழுதிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான்.

ஊரில் இருக்கும் மாமா பையனுக்கும், இதைப் படிக்க நேர்கிற எவருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த டெர்பியைத் தொண்ணூறு நிமிஷமும் பாருங்கள். மறுநாள் பேப்பரில் எத்தனை பேர் வந்தார்கள், யார் அழுதார்கள் என்று மட்டும் இருந்தால், கோல் எப்படி விழுந்தது, அந்தப் பந்தைக் கொடுத்தவன் யார் என்று ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள்.