ஊரிலிருந்து வந்த பலாப்பழம்

விடுமுறைக்குச் செல்வது எளிது. விடுமுறையிலிருந்து மீள்வதே அரிது. ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் எழுத்தராகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பணிபுரியும் எனக்கு இவ்வுண்மை இவ்வாண்டுதான் விளங்கிற்று. ஏப்ரல் மாதத்தில் என் சாளரத்தின் முன் வரிசையில் நிற்போரின் முகங்களில் மலர்ச்சியைக் காண்பேன். அதே மக்கள் ஜூன் மாதத்தில் மூட்டை முடிச்சுகளுடன் நடைமேடையிலிருந்து வெளியே வரும்போது, அவர்களிடம் பேச்சும் இராது, சிரிப்பும் இராது. "பத்து நாள் ஓய்வெடுத்து வந்தவர்களுக்கு ஏன் இத்தனைச் சோர்வு?" என்று நான் வியந்ததுண்டு. வியந்தவன் இவ்வாண்டு அதே கூட்டத்தில் ஒருவனாக வந்து இறங்கினேன்.

கோடைக்காலத்தில் ஊரெல்லாம் பயணம் செய்யும். பயணச்சீட்டு வழங்குகிறவனுக்கு மட்டும் விடுப்புக் கிடைப்பது அருமை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் இம்முறைதான் மே மாத இறுதியில் பத்து நாள் விடுப்புக் கிடைத்தது. மனைவியையும், எட்டு வயது மகளையும், நான்கு வயது மகனையும் அழைத்துக்கொண்டு பண்ணுருட்டிக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்குச் சென்றேன்.

பண்ணுருட்டி என்றால் பலாப்பழம் என்பதைத் தமிழர் எவருக்கும் சொல்ல வேண்டுவதில்லை. எங்களுக்கும் ஒரு சிறு பலாத்தோப்பு இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த 'தானே' புயல் அம்மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. எங்கள் தோப்பில் நிமிர்ந்து நின்ற மரம் இரண்டே. விடிந்ததும் என் தந்தையார் விழுந்த மரங்களின் நடுவே ஒரு சொல்லும் பேசாமல் நின்றது இன்றும் என் கண்முன் நிற்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நான், ரயில்வே தேர்வு எழுதியது அதன் பின்னர்தான். அவ்வகையில் என்னை அல்சூருக்குக் கொண்டுவந்தது அந்தப் புயலே எனலாம்.

1864ஆம் ஆண்டு சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு இருப்புப்பாதை வந்தது. அதற்கு முன்னும் பின்னும் பிழைப்பு நாடி இங்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ! ஒவ்வொரு குடும்பத்தின் பின்னும் ஒரு வறட்சியோ, ஒரு கடனோ, ஒரு புயலோ இருக்கத்தான் செய்யும்.

தந்தையார் மறு ஆண்டே புதுக் கன்றுகள் நட்டார். அவர் இன்று இல்லை. அவர் நட்ட மரங்கள் காய்க்கின்றன. நாங்கள் புறப்படும் வேளையில் என் தாயார் அம்மரங்களில் ஒன்றிலிருந்து முற்றிய காய் ஒன்றை இறக்கச் செய்து, கோணியில் கட்டித் தந்தார். "ஐந்தாறு நாளில் பழுக்கும். தாத்தா நட்ட மரம் என்று சொல்லிப் பிள்ளைகளுக்குக் கொடு" என்றார். பன்னிரண்டு கிலோவுக்குக் குறையாது. மனைவி அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

விடுப்பின் கடைசி மணி நேரத்தையும் விடக்கூடாது என்ற ஆசையால், ஞாயிற்றுக்கிழமை இரவு வெகுநேரம் கழித்தே வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்குப் பணி. மகளுக்குப் பள்ளி திறப்பு. மகனுக்கு வாழ்விலேயே முதல் பள்ளி நாள். மனைவி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்பவள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் சீருடைத் துணி முழுவதும் பொறியின் மேல் குவிந்து கிடந்தது. எங்கள் வரிசையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஏற்றிவரப்படும் காவிரி நீர் அது. நமக்காக ஒரு மணி நேரம்கூடக் காத்திராது. அன்று தண்ணீர் நாள். அதை மறந்து நான் பணிக்குப் புறப்பட்டுப் போய்விட்டேன்.

உறக்கமில்லாத கண்களோடு சாளரத்தில் அமர்ந்தவன் யாருக்கோ மீதிச் சில்லறையை இருமுறை கொடுத்திருக்க வேண்டும். கணக்கு முடிக்கையில் நானூற்றைம்பது ரூபாய் குறைந்தது. குறைந்ததைக் கைப்பணத்திலிருந்து கட்டுவதே முறை, கட்டினேன். அந்தக் கோபத்தை அங்கேயே விட்டு வந்திருக்கலாம். ஆனால் வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

வீட்டிலோ, பள்ளியில் அழுது களைத்த மகன் தரையில் உறங்கிக்கொண்டிருந்தான். பெட்டிகள் பிரிக்கப்படவில்லை. மகள் பாடப் புத்தகத்தைத் தொடாமல், மூலையிலிருந்த பலாவைத் தட்டித் தட்டி ஓசை கேட்டுக்கொண்டிருந்தாள். "பள்ளி திறந்தது நினைவில்லையா? இது என்ன உன் ஆயா வீடா?" என்று உரக்கக் கத்திவிட்டேன். அவள் அழவில்லை. "ஆயா வீடாக இருந்தால் நீங்கள் இப்படிப் பேசமாட்டீர்கள், அப்பா" என்றாள்.

அடுத்த கணம் என் கோபம் மனைவியின் பக்கம் திரும்பிற்று. "பத்து நாள் ஓய்வாக இருந்துவிட்டு வந்தும் ஒரு பெட்டியைப் பிரிக்க முடியவில்லையா?" என்றேன்.

தையற்பொறி நின்றது. அவள் குரலை உயர்த்தவில்லை. "அங்கே நான் வேலை செய்யாமல் இருந்தேன் என்றா எண்ணுகிறீர்கள்? தினமும் பதினைந்து பேருக்குச் சமைத்தோம். பாத்திரம் துலக்கினோம். பிள்ளைகளைக் குளிப்பாட்டினோம். ஆனாலும் எனக்கு அது சுமையாக இல்லை. ஏன் தெரியுமா? அங்கே அத்தையும் அக்காவும் நானுமாகச் 'செய்தோம்'. இங்கே நான் ஒருத்தியாகச் 'செய்கிறேன்'. அந்தப் பழத்தைப் பார்த்தபோதே நினைத்தேன். அங்கே ஒரு பழத்தை அரிய ஆறு கைகள் வரும். இங்கே அதற்கும் நான்தான் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார வேண்டும்."

அன்பர்களே, நான் பள்ளியில் படித்த இலக்கணத்தில் 'செய்தோம்' என்பதற்கும் 'செய்கிறேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அன்றுதான் முழுமையாகக் கற்றேன். ஊரில் நான் பெற்ற ஓய்வு என் தாயாரும் அண்ணியாரும் மனைவியும் உழைத்துத் தந்த ஓய்வு. அல்சூரில் நான் நாள்தோறும் பெறுவது அவள் ஒருத்தி உழைத்துத் தரும் ஓய்வு. ஊரை விட்டு வந்த நாம் தோப்பையும் கிணற்றையும் இழந்ததாக வருந்துகிறோம். நம் வீட்டுப் பெண்கள் இழந்தது உடன் உழைக்கும் கைகளை. அதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அன்றிரவு நானே பெட்டிகளைப் பிரித்தேன். பெரிய தீர்மானம் எதுவும் செய்யவில்லை. தண்ணீர் பிடிப்பது என் வேலை என்று ஏற்றுக்கொண்டேன். காலைப் பணியாயின் குடங்களை நிரப்பிய பிறகே புறப்படுவது. காலைப் பணி வாரங்களில் மாலையில் பிள்ளைகளின் பாடமும் என் பொறுப்பு. மகள் தன் பையையும் தம்பியின் பையையும் இரவே எடுத்து வைக்கத் தொடங்கினாள். இரண்டாம் முறை தண்ணீர் வந்த நாளில் ஒரு குடத்தைக் கவிழ்த்து நடையெல்லாம் நனைத்தேன், மனைவி சிரித்தாள். ஊரிலிருந்து வந்தபின் அவள் சிரித்தது அதுவே முதல் முறை. மகனின் அழுகையும் நாளுக்கு நாள் குறைந்து, வெள்ளிக்கிழமை வாசற்படியோடு நின்றது.

சனிக்கிழமை இரவு வீடெங்கும் பலாவின் மணம் பரவிற்று. மறுநாள் முற்றத்தில் பழைய செய்தித்தாளை விரித்து அமர்ந்தோம். கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நான் பிளந்தேன். மனைவி சுளை எடுத்தாள். மகள் கொட்டையைப் பிரித்தாள். மகன் எடுத்த சுளைகளை எண்ணுவதாகச் சொல்லித் தின்றுகொண்டிருந்தான். மணம் அறிந்து பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு எங்களோடு அமர்ந்துவிட்டார். "பலாவுக்கு எங்கள் மொழியில் 'ஹலசு' என்று பெயர். இங்கே முன்பு பலாத்தோப்பு இருந்ததால்தான் ஹலசூரு என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள்" என்றார். பலாத்தோப்பை இழந்து வந்தவன், பலாவின் பெயர் தாங்கிய ஊரிலேயே குடியிருக்கிறேன் என்பதை இத்தனை ஆண்டுகளாக அறியாதிருந்தேன்!

பன்னிரண்டு கிலோப் பழத்தை நால்வர் உண்டு தீர்க்க முடியுமா? எங்கள் வரிசையில் ஏழு வீடுகளுக்குச் சுளை சென்றது. கொட்டைகள் மறுநாள் சாம்பாருக்கு ஆயின. தட்டுகள் வெறுமையாகத் திரும்பவில்லை. ஒன்றில் அவரைக்காய் வந்தது, ஒன்றில் முறுக்கு வந்தது. ஒரு தட்டோடு, "வேலை நாட்களில் உங்கள் மகனையும் என் பேரனோடு சேர்த்துப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறேன்" என்ற சொல்லும் வந்தது. ஆறு கைகள் அல்சூரிலும் இருந்தன. நாங்கள்தான் கதவைத் திறந்து அழைக்காமல் இருந்திருக்கிறோம்.

அன்று மாலை தாயாரோடு தொலைபேசியில் பேசினோம். "ஆயா, தாத்தாவின் பழம் தேன் மாதிரி இருந்தது" என்றாள் மகள். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "யார் அரிந்தது?" என்று கேட்டார் தாயார். "நாங்கள் எல்லாரும்" என்றாள் அவள்.

அடுத்த ஆண்டு விடுப்புக் கிடைக்குமோ, கிடைக்காதோ, அறியேன். கிடைத்தால், ஒரு நாள் முன்னதாகவே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த ஒரு நாளில் துணி துவைக்கலாம், பெட்டி பிரிக்கலாம், பிள்ளைகள் வேண்டுமளவு உறங்கலாம். கோணியில் பழம் வந்தால் அதையும் அஞ்சாமல் வாங்கி வரலாம்.