சூளகிரியில் இறங்கினேன்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் சாலை மார்க்கமாகப் போகிறவர்கள் பலரும் சூளகிரியைப் பார்த்திருக்கிறார்கள். சூளகிரியில் இறங்கியவர்கள் மிகச் சிலரே. கிருஷ்ணகிரியைத் தாண்டி, மேலுமலை மேட்டில் பஸ் முக்கி முனகிக்கொண்டு ஏறியதும் காற்றில் ஒரு குளிர்ச்சி தட்டும். தூங்குகிற பிரயாணிகள் கண்ணை மூடியபடியே போர்வையைத் தேடுவார்கள். சற்று நேரத்துக்கெல்லாம் சாலைக்கு அருகே சூலத்தைப் போலப் பிளந்து நிற்கும் ஒரு பாறை மலை தென்படும். அந்தச் சூலகிரிதான் ஜனங்களின் வாயில் சூளகிரியாயிற்று. "ஒரு நாள் இறங்கிப் பார்க்க வேண்டும்" என்று நினைத்துக்கொண்டு நான் மறுபடி கண்ணை மூடிவிடுவேன். இப்படியே முப்பது வருஷம் கழிந்தது.

சென்ற கார்த்திகையில் இறங்கியதற்குக் காரணம் என் வைராக்கியமல்ல. என் நண்பர் ஒருவரின் பிடிவாதம். அவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சூளகிரியில் வீடு, வீட்டை அடுத்துக் கொஞ்சம் நிலம். "பெங்களூருக்கு அப்புறம் போகலாம். விடியற்காலையில் வந்து சந்தையைப் பாருங்கள்" என்று எழுதியிருந்தார்.

சந்தை என்றால் எனக்குத் தெரிந்த சந்தை வேறு. இங்கே முதலில் வருவது மணம். சூளகிரி வட்டாரம் கொத்தமல்லிக்குப் பேர்போனது. இருட்டோடு இருட்டாகக் கட்டுக்கட்டாய் வந்து இறங்குகிற பச்சைத் தழையின் வாசனை, தெருவின் கோடியிலேயே நம்மை எதிர்கொண்டு அழைக்கிறது. அதைக் காட்டிலும் வியப்பு, அங்கே நடக்கிற பேச்சு. விலை கேட்கிறவர் கன்னடத்தில் கேட்கிறார். விற்கிறவர் தெலுங்கில் பதில் சொல்கிறார். தராசு பிடிக்கிற பையன் தமிழில் எண்ணுகிறான். லாரிக்காரர் உருதுவில் அவசரப்படுத்துகிறார். ஒருவர் பாஷை மற்றவருக்குப் புரியாமல் வியாபாரம் நின்றதாகத் தெரியவில்லை. நானும் துணிந்து எனக்குத் தெரிந்த நாலு கன்னட வார்த்தைகளைப் பிரயோகித்து ஒரு கட்டுத் தழைக்கு விலை பேசினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுத்தமான தமிழில், "ஐயா, நீங்கள் தமிழிலேயே பேசலாமே!" என்றாள்.

1956-ம் வருஷம் ராஜ்யங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது எல்லைக்கோடு இந்தப் பக்கத்திலே ஓடிற்று. கோடு காகிதத்தில்தான் இருக்கிறது. காலையில் கோட்டைக் கடந்து வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள் இங்கே ஆயிரக்கணக்கானவர்கள். மேலும், ஊரை ஒட்டி ஓடுவது ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரையில் போகிற 44-ம் நம்பர் தேசீய நெடுஞ்சாலை. சூளகிரிக் கடைத்தெருவில் டீ குடிக்கிறவன் வடக்கே முகத்தைத் திருப்பினால் காஷ்மீர், தெற்கே திருப்பினால் குமரி முனை.

நண்பர் வீட்டில் எனக்கு ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கிடைத்தன. களியை நான் பற்களால் மெல்லத் தொடங்கியதைக் கண்டு நண்பரின் மனைவியார் சிரித்துவிட்டார். "மெல்லக் கூடாது ஐயா. சிறிது உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்கிவிட வேண்டும்" என்றார். அறுபது வயதுக்கு மேல் சாப்பிடக் கற்றுக்கொள்வது சுலபமான காரியமல்ல. மூன்றாவது கவளத்தில்தான் வித்தை பிடிபட்டது. பெங்களூர்ப் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த வித்தை எனக்குப் பிடிபட்டிருக்காது.

சாப்பாட்டுக்குப் பிறகு நண்பர் பீரோவைத் திறந்து ஒரு சிறு புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பாஸ்போர்ட். புரட்டினேன். ஒவ்வொரு பக்கமும் பளிச்சென்று வெறுமையாக இருந்தது. பத்து வருஷத்துக்கு முன் வாங்கியது. தவணை முடிய இன்னும் இரண்டு மாதமே பாக்கி.

"மகள் சிங்கப்பூரில் குடித்தனம் வைத்த வருஷமே வாங்கினோம். முதல் வருஷம் லீவு கிடைக்கவில்லை. அப்புறம் பையன் பரீட்சை. அப்புறம் மாடி கட்டினோம். அப்புறம் கொரோனா வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகு சாவகாசமாகப் போகலாம் என்று இருந்தேன். ஓய்வும் வந்தது. அதோடு..." என்று சொல்லி மனைவியாரின் பக்கம் பார்த்தார்.

அந்த அம்மாள் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் இந்த மலையில் பாதி தூரம் ஏறிச் சுள்ளி பொறுக்கி வந்தவராம். இப்போது வாசற்படி மூன்றும் மலையாகிவிட்டன.

எனக்கு ஒன்று தோன்றிற்று, சொல்லவில்லை. ஓசூர் கடிகாரம் செய்கிற ஊர். 1980-களில் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. இந்தியா முழுவதும் எத்தனையோ லட்சம் மணிக்கட்டுகளுக்கு இங்கிருந்து நேரம் போகிறது. இந்த வட்டாரத்து ரோஜாப் பூக்களும் போகின்றன. பிப்ரவரி மாதம் காதலர் தினத்துக்கென்று கண்ணாடித்தாள் சுற்றிப் பெட்டிபெட்டியாக சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் விமானத்தில் பறக்கின்றன. நண்பரின் நிலத்திலும் ஒருவர் குத்தகைக்கு எடுத்து ரோஜா போட்டிருக்கிறார். பூ போகிறது, பூ விளைந்த மண்ணுக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் அவகாசமில்லை! தேவனஹள்ளி விமான நிலையம் சூளகிரியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அங்கிருந்து சிங்கப்பூர் நாலரை மணி நேரப் பிரயாணம். நான் சென்னையிலிருந்து சூளகிரிக்கு வந்து சேர அதைவிட அதிக நேரம் ஆயிற்று.

கடல் கடந்தாவது பொருள் தேடு என்று நம் ஔவைப் பாட்டி சொல்லிவைத்தாள். நாமும் அதை அட்சரம் பிசகாமல் கேட்டு வந்திருக்கிறோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும், மலேயா ரப்பர் காட்டுக்கும், பீஜித் தீவின் கரும்புக் கொல்லைக்கும் நம்மவர் போனது வயிற்றுக்காக. வசதியுள்ளவர்கள் போனது பாரிஸ்டர் பட்டத்துக்காக. அதற்கும் தடை இருந்தது. 1888-ல் பதினெட்டு வயது காந்தி பம்பாயில் கப்பல் ஏறியபோது கடல் தாண்டிய குற்றத்துக்காக அவரைச் சாதிக்குப் புறம்பாக்கினார்கள். அடிமைத்தேசத்தார் பிற தேசங்களுக்குப் போனால் கூலியாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் மாணாக்கனாகப் போக வேண்டும். சுதந்திர தேசத்தார் வெறுமே பார்க்கப் போகலாம். சமமாக உட்கார்ந்து பேசப் போகலாம். நமக்கு 1947-லேயே கிடைத்த இந்தப் பாத்தியதையை நம் மத்தியதரக் குடும்பங்கள் இன்னும் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கின்றன.

மாலையில் நண்பர் என்னைத் தொரப்பள்ளிக்கு அழைத்துப் போனார். ஓசூரை அடுத்த சிறு கிராமம் அது. 1878-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி ராஜாஜி அங்கே பிறந்தார். அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாயிருக்கிறது. அடக்கமான கிராமத்து வீடு. தகப்பனார் அந்த ஊர் முன்சீப். பையன் ஓசூரில் படித்தான், பெங்களூரில் படித்தான், சென்னையில் சட்டம் படித்து சேலத்தில் வக்கீலானான். மீதிக் கதை வாசகர்களுக்குத் தெரியும்: சிறை, மந்திரி பதவி, கவர்னர் ஜெனரல் பதவி, மறுபடி முதல் மந்திரி, பிறகு சுதந்திராக் கட்சி.

ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1927-ல் காந்திஜியுடன் ராஜாஜி இலங்கைக்குப் போயிருக்கிறார். மேல்நாட்டுக்கு மட்டும் அவர் போனதே இல்லை. முதன்முதலாகப் போனது 1962-ம் வருஷம். அப்போது அவருக்கு வயது எண்பத்து மூன்று!

கவர்னர் ஜெனரலாக இருந்தவருக்கு வசதிக்குக் குறைவா? அவகாசம்தான் இல்லை. அந்த வருஷம் அவகாசம் எங்கிருந்து வந்தது? கட்சி வேலை குறைந்துவிடவில்லை. எழுத்து வேலையும் குறைந்துவிடவில்லை. உடம்பில் பலம் கூடியிருக்கவும் நியாயமில்லை. போக வேண்டிய காரியம் ஒன்று வந்தது. அவகாசம் அதன் பின்னால் வந்தது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றும் நீரும் நஞ்சாவதைப் பற்றி வல்லரசுகளிடம் நேரில் முறையிட வேண்டும் என்று காந்தி சமாதான நிறுவனம் ஒரு தூது கோஷ்டியை அனுப்பிற்று. ராஜாஜி அதற்குத் தலைவர். கூடப் போனவர்கள் ஆர். ஆர். திவாகரும் பி. சிவராவும். இருவரும் கன்னடப் பிரதேசத்தவர்கள். எல்லைப்புறத்துக் கிராமத்தில் பிறந்தவருக்கு அமைந்த வழித்துணையும் எல்லைக்கு அப்பாலிருந்தே வந்தது பாருங்கள்!

1962 செப்டம்பர் 28-ந் தேதி வாஷிங்டனில் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கென்னடியைச் சந்தித்தார்கள். கென்னடிக்கு அப்போது வயது நாற்பத்தைந்து; எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு மகனாயிருக்கக்கூடிய வயது. தொரப்பள்ளி முன்சீப்பின் மகன் உலகத்தின் மாபெரும் படைகளில் ஒன்றுக்கு அதிபதியானவரிடம் தம் கட்சியை எடுத்துச் சொன்னார். பேச்சு குறித்த நேரத்தைக் கடந்து நீண்டது. மறு மாதமே கியூபா தீவு விஷயமாக உலகம் அணு யுத்தத்தின் விளிம்பு வரையில் போய்த் திரும்பிற்று. 1963 ஆகஸ்டு 5-ந் தேதி மாஸ்கோவில் அமெரிக்காவும் ரஷ்யாவும் பிரிட்டனும் காற்று மண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுச் சோதனை நடத்துவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. அது ராஜாஜியின் ஒரு பேச்சினால் நடந்தது என்று சொல்வது மிகை. போகாமலிருந்திருந்தால் அவர் மனம் ஆறியிருக்காது என்று சொல்வது மிகையல்ல.

அந்த வீட்டு முற்றத்தில் நின்று இதைச் சொன்னபோது நண்பர் வெகு நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அவருக்கு ஒரு காரியம் இருந்தது. எங்களுக்கு என்ன காரியம்? சும்மா பார்ப்பதற்குத்தானே?" என்றார்.

நியாயமான கேள்விதான். இதற்கு என்னிடம் இருந்த விடை ஏ. கே. செட்டியாருடைய கதை. செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர்; உலகம் சுற்றிய தமிழர் என்று பெயரெடுத்தவர். 1937 அக்டோபர் 2-ந் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, காந்திஜியின் ஜன்ம தினமாயிற்றே, அவர் வாழ்க்கையை ஏன் ஒரு திரைப்படமாகத் தொகுக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றிற்று. அதற்காக நெடுந்தூரம் அலைந்து, துண்டு துண்டாகப் படச்சுருள் சேகரித்து, 1940-ல் படத்தை வெளியிட்டார். அந்த யோசனை அவருக்கு வீட்டுத் திண்ணையில் உதிக்கவில்லை. அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே உதித்தது. காரியம் இருந்து போகிறவர்களும் உண்டு. போன இடத்தில் காரியம் கிடைக்கிறவர்களும் உண்டு.

போகிற முறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். ஓசூரில் 19-ம் நூற்றாண்டில் பிரெட் என்ற சேலம் கலெக்டர் ஆங்கில நாட்டுக் கோட்டை மாதிரியில் ஒரு மாளிகை கட்டினார். கெனில்வொர்த் என்று பெயர். ஆறாயிரம் மைல் தாண்டி வந்தும் மனிதர் தம் ஊரையே கட்டிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்தார். அது இடிந்து போயிற்று. ஆனால் நம்மவர்களில் சிலரும் அதே மாளிகையை மூட்டையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சுவிட்ஜர்லாந்து மலையுச்சியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, "நம் ஊர் ருசி வருமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். புளியோதரையின் மேல் எனக்கு விரோதமில்லை. வந்த நாளில் ஒரு வேளையாவது அந்த ஊர்க் களியை விழுங்கிப் பார்க்கலாமல்லவா? சூளகிரிக்காரர்களுக்கு இதில் கஷ்டமே இருக்காது. பாஷை தெரியாத இடத்தில் கையாலும் கண்ணாலும் பேசி விலையை முடித்துக்கொண்டு வருகிற வித்தை அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

இரவு நாங்கள் வீடு திரும்பியபோது அம்மாள் விழித்திருந்தார். நண்பர் தொரப்பள்ளியில் நடந்த பேச்சைத் தெலுங்கில் அவருக்குச் சொன்னார். "எண்பத்து மூன்று" என்ற எண் மட்டும் இரண்டு தடவை என் காதில் விழுந்தது. அம்மாள் மெதுவாக எழுந்து, சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றினார். வருஷத்தின் கடைசித் தாளுக்குப் பின்னாலிருந்த அட்டையில், பென்சிலால் ஒரு தேதியை எழுதினார். பிப்ரவரி மாதத்துத் தேதி.

"பிப்ரவரியிலா? அப்போதுதானே பூ ஏற்றுமதி? குத்தகைக்காரன் கணக்குப் பார்க்க வருவானே!" என்றார் நண்பர்.

"பூவும் போகட்டும், நாமும் போவோம். அவன் வந்தால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறது" என்றார் அம்மாள். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, இந்தப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க என்னென்ன காகிதம் வேண்டும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நண்பர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.