அருவியும் ஷட்டரும்

குற்றாலப் பேரருவியை வெண்பட்டாய்க் காட்டும் படங்கள் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம். ஷட்டரை ஒரு விநாடி திறந்து வைத்தால் நீர் அவ்வாறு இழைந்துவிடும். அழகுதான், ஆயின் அடியில் குளிக்கும் பிள்ளைகளின் முகங்களும் புகையாய்க் கரைந்துபோகின்றன. மேலும், பொங்குமாங்கடலில் மோதி வேகம் தணிந்த பின்னும் முதுகில் அறைந்து விழும் அந்நீர், பட்டா என்ன? 1/1000 விநாடியில் எடுத்தாலோ துளிகள் கண்ணாடிச் சில்லுகளாய் உறைந்து நிற்கும்; வீழ்ச்சி புலப்படாது. பேரருவிக்கு 1/60 விநாடியே தக்கது என்பது நம் துணிபு. நீர் கோடு கோடாய் இறங்குவதும் தெரியும். அசையாது நிற்பவர் முகமும் தெளிவாய் விழும்.

பாறைகளினூடே நழுவிச் செல்லும் மலையோடைக்குக் கணக்கு வேறு. அதன் இயல்பே மென்மை. 1/4 விநாடி முதல் ஒரு விநாடி வரை தாராளமாய்த் திறக்கலாம். முக்காலி கட்டாயம் வேண்டும். பகலொளி மிகுந்தால் படம் வெளிறிவிடும். எட்டில் ஒரு பங்கு ஒளியையே உள்ளே விடும் கருங்கண்ணாடியை லென்ஸின் முன் பொருத்தினால், 1/30 விநாடி கேட்ட காட்சி 1/4 விநாடி கேட்கும். அது கைவசம் இல்லாதவர்கள் ஸுப்ஹுத் தொழுத கையோடு புறப்படட்டும்; அவ்விளவெளிச்சத்துக்கு விலையில்லை. லென்ஸில் படியும் சாரலைத் துடைக்க உலர்ந்த துணியொன்றும் உடனிருக்கட்டும்.