பின்னக்கோடு எங்கே முடிகிறது

ஐதராபாத்தில் ஒரு பல்கலைக்கழக விடுதி. மொழியியல் முதுகலை முதலாண்டு மாணவி ஒருத்தியும், அதே துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண் ஒருவரும் ஓர் அறையில் தங்கியிருந்தனர். இருவருக்கும் தாய்மொழி தமிழ். மாணவிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான் மடிக்கணினியில் படித்துக்காட்ட, அதைக் கேட்டே அவள் தேர்வுகளை எழுதிவந்தாள். ஒலியியலும் உருபனியலும் அவ்வாறே கடந்துபோயின. கணினி மொழியியல் தாளில் நிகழ்தகவு வந்தபோதுதான் முதல் தடை ஏற்பட்டது.

பாடம் எளியது. ஒரு சொல்லை அடுத்து இன்னொரு சொல் வருவதற்கான நிகழ்தகவைக் கணக்கிட வேண்டும். சிறியதொரு தரவுத் தொகுப்பில் ‘மழை’ என்னும் சொல் 10 முறை வருகிறது. அதை அடுத்து ‘பெய்தது’ 3 முறை வருகிறது. தொகுப்பிலுள்ள வெவ்வேறு சொற்கள் 20. ஒருமுறைகூடச் சேர்ந்து வராத சொற்களுக்கும் சிறிது இடம் தருவதற்காக, மேலே ஒன்றையும் கீழே அந்த இருபதையும் கூட்டிக்கொள்வது ஒரு வழக்கம். லாப்லாஸ் சமனாக்கம் என்று அதற்குப் பெயர்.

பாடக்குறிப்பில் இருந்த சூத்திரத்தைத் திரைவாசிப்பான் ஒரு வார்த்தையில் முடித்தது: “கிராஃபிக்.” அது படமாக ஒட்டப்பட்டிருந்தது.

“அக்கா, இத மட்டும் ஒரு தடவ வாசிச்சுச் சொல்றீங்களா?”

அக்கா வாசித்தார்: “மூணு பிளஸ் ஒண்ணு, பை, பத்து பிளஸ் இருபது.” வாசித்துவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பினார். உதவி முடிந்தது என்றே நினைத்தார்.

மறுநாள் காலையில் மாணவி கேட்டாள்: “அக்கா, நிகழ்தகவு ஒண்ணத் தாண்டுமா? எனக்கு இருபத்து மூணு புள்ளி ஒண்ணு வருது.”

அவள் கணக்கில் பிழையில்லை. ஒன்றைப் பத்தால் வகுத்து, அதனோடு மூன்றையும் இருபதையும் கூட்டியிருந்தாள். காதில் விழுந்த வரிசைக்குக் கணித விதிப்படி அதுதான் பொருள். தாளில் இருந்ததோ வேறு: மேலே நான்கு, கீழே முப்பது, விடை ஏறத்தாழ 0.13. இரண்டுக்கும் இடையில் இருந்தது ஒரு கிடைக்கோடு. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அக்காவின் குரல் சொல்லவில்லை.

மொழியியல் படித்தவருக்கு இது புதிய செய்தியன்று. ‘பழைய நூல்களும் ஓலைகளும்’ என்னும்போது ஓலைகளும் பழையனவா என்பதைச் சொல்வரிசை காட்டாது, அமைப்பே காட்டும். அதற்காகத்தான் வகுப்பில் மரவரைபடம் வரைகிறார்கள். கணிதக் குறியீடு அந்த மரத்தை மேலும் கீழுமாகத் தாளிலேயே வரைந்துவிடுகிறது. பேச்சுக்கு மேல் கீழ் கிடையாது. இதை ஆண்டுக்கணக்காகக் கற்பித்தவர் தம் வாயாலேயே அந்த மரத்தை வெட்டிப்போட்டிருந்தார்.

உரைநூலின் பிடிஎஃப் கோப்பைத் திறந்து பார்த்தனர். அங்கும் அதே குறைதான். டெக் மென்பொருளில் அச்சாகும் பின்னக்கோடு ஓர் எழுத்தன்று, வரையப்பட்ட ஒரு பட்டை. அமைப்புக் குறிப்புகள் சேர்க்கப்படாத கோப்பில் திரைவாசிப்பான் எழுத்துகளைத்தான் பொறுக்கியெடுக்கும், கோட்டைக் காணாது.

இதற்கான தீர்வு பழையது. புனேயில் வளர்ந்து, பதின்ம வயதில் பார்வையிழந்த டி. வி. ராமன், கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வுக்காக ‘ஆஸ்டர்’ என்னும் அமைப்பை உருவாக்கினார். டெக் வடிவில் எழுதிய கணிதத்தை அது படித்துக்காட்டும். அடுக்கு எண் வரும்போது குரலின் சுருதியை உயர்த்தும். 1998-இல் மேத்எம்எல் என்னும் குறிமொழி இணையத் தரமாயிற்று. அதில் பின்னம் என்பது ஓர் உறை. அதனுள் தொகுதிக்கு ஓர் அறை, பகுதிக்கு ஓர் அறை. மாணவர்கள் வரையும் மரவரைபடத்தைக் கணினிக்கு எழுதிக்கொடுப்பதற்கு ஒப்பானது அது.

தரம் இருந்தும் உலாவிகள் ஒத்துழைக்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் தொடக்கத்திலிருந்தே மேத்எம்எல்லைக் காட்டிவந்தது. குரோம் 2013-இல் ஒரு பதிப்பில் சேர்த்து, அடுத்த பதிப்பிலேயே நீக்கியது. மீண்டும் அது குரோமுக்குள் வந்தது 2023 ஜனவரியில், 109-ஆம் பதிப்பில். இகாலியா என்னும் ஸ்பெயின் நாட்டு நிறுவனத்தின் பொறியாளர்கள் அதற்காக உழைத்தனர். இடைப்பட்ட பத்தாண்டுகளில் சிலர் மேத்ஜாக்ஸ் நிரலை நாடினர். பலர் சூத்திரத்தைப் படம்பிடித்து ஒட்டினர்.

அப்படி ஒட்டியவர்களுள் அக்காவும் ஒருவர். மாணவி “கிராஃபிக்” என்று கேட்ட குறிப்புகள் ஈராண்டுக்கு முன் அவர் தயாரித்தவை. துறை மாணவர்கள் அனைவரும் அவற்றைத்தான் படித்துவந்தனர்.

அன்று மாலை வேலை தொடங்கியது. உலாவியைப் புதிய பதிப்புக்கு மாற்றினர். படங்களை நீக்கி, சூத்திரங்களை டெக் வடிவில் தட்டச்சிட்டு, பாண்டாக் என்னும் கட்டற்ற மென்பொருளால் மேத்எம்எல்லாக மாற்றினார் அக்கா. முதலில் திரையில் தோன்றியவை அழகாக இல்லை. உயரமான பின்னத்தைச் சுற்றிக் குட்டையான அடைப்புக்குறிகள் நின்றன. கணித எழுத்துரு இல்லாததே காரணம். குறிகள் எவ்வளவு நீளலாம், கோடு எவ்வளவு தடிக்கலாம் என்னும் அளவுகளைத் தனி அட்டவணையாகக் கொண்ட எழுத்துருக்கள் இதற்கென்றே உள்ளன. லத்தீன் மாடர்ன் மேத், ஸ்டிக்ஸ் டூ மேத் இரண்டும் இலவசம். ஒன்றை நிறுவி, பக்கத்தின் நடைதாளிலும் குறிப்பிட்டதும் அடைப்புக்குறிகள் நிமிர்ந்தன.

“எனக்கு அதெல்லாம் வேண்டாங்க்கா. உள்ள சரியா எழுதியிருந்தாப் போதும்” என்றாள் மாணவி. அவள் சொன்னது சரி. எழுத்துரு கண்ணுக்கு உரியது. காதுக்கு வேண்டியது அமைப்பு மட்டுமே. என்விடிஏவின் கூடுதல் நிரல்களுள் மேத்கேட் என்பதை அவளே தேடி நிறுவிக்கொண்டாள். இப்போது குரல் தொகுதி இது, பகுதி இது என்று பிரித்துச் சொன்னது. என்விடிஏ விசையோடு ஆல்ட், எம் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சூத்திரத்துக்குள் நுழையலாம். கீழ் அம்பு உள்ளே இறக்கும்; மேல் அம்பு வெளியே ஏற்றும்; பக்க அம்புகள் அடுத்த உறுப்புக்கு நகர்த்தும். மாணவி இறங்கினாள், நகர்ந்தாள், ஏறினாள். கணக்கை மீண்டும் போட்டு, “முப்பதுல நாலு” என்றாள்.

பிறகு மூன்று சொல் தொடருக்கான சூத்திரத்துக்குச் சென்றாள். அதில் சற்று நேரம் நின்று, பகுதிக்குள் இருமுறை இறங்கிப் பார்த்தாள்.

“அக்கா, கீழ முதல் ரெண்டு சொல்லோட எண்ணிக்கைதான வரணும்? இங்க ரெண்டாவதும் மூணாவதும்னு இருக்கு.”

அக்கா பழைய படத்தைத் திறந்து பார்த்தார். அதிலும் அப்படியே இருந்தது. பார்வையுள்ள இரண்டு வகுப்பினர் அந்தப் பக்கத்தைப் படித்துக் கடந்திருந்தனர். எழுதியவரும் பலமுறை பார்த்திருந்தார். ஒவ்வோர் உறுப்பாக இறங்கிப் படித்தவள் இவள் ஒருத்திதான்.

பிழையைத் திருத்தினார். படம் என்றால் மறுபடி வரைந்து, மறுபடி பிடித்து, மறுபடி ஒட்டியிருக்க வேண்டும். இப்போது இரண்டு எண்களை மாற்றினால் போதுமானதாயிருந்தது. குறிப்பில் இன்னும் ஒன்பது பக்கங்கள் படங்களாகவே இருந்தன. தேர்வுக்கு நான்கு நாள்கள் இருந்தன. “அடுத்தது எந்தப் பக்கம் வேணும், சொல்லு” என்று அக்கா கேட்டார்.