மூன்று நூற்றாண்டுகள் ஓர் அறையில்

சோவியத் நாட்டில் பிறந்து 1998-இல் மறைந்த இசைமேதை ஆல்பிரெட் ஷ்னிட்கே 1983-இல் இயற்றிய மூன்றாம் நரம்பிசை நால்வரிசை நம் சிந்தையைக் கவர்ந்தது. வியாகுலத் தாயைப் பாடும் லாசோவின் 16-ஆம் நூற்றாண்டுப் பண்ணும், பீத்தோவனின் ‘பெரும் ஃபியூக்’ கருவும், ஷோஸ்டகோவிச்சின் பெயரெழுத்துகளாலான நான்கு சுரங்களும் அதன் தொடக்கத்திலேயே அடுத்தடுத்து ஒலிக்கின்றன. ஒட்டுப்போட்ட ஆடையோ என ஐயுறுவோரும் உண்டு. கூர்ந்து கேட்பின், மூன்று காலங்களும் ஒரே துயரில் கலப்பது விளங்கும்.

1972-இல் அன்னையை இழந்த அவருக்கு, அவ்வன்னையின் நினைவாகத் தொடங்கிய பியானோ ஐவரிசையை நிறைவுசெய்ய 1976 வரை ஆயிற்று. துயருக்குச் சொந்த மொழி எளிதில் வாய்ப்பதில்லை போலும்!

துக்க வீடுகளில் நம் சொற்கள் வறண்டுபோகையில், நாமும் முன்னோர் யாத்த செபங்களையே இரவல் பெறுகிறோமன்றோ? சொற்கள் இரவலாயினும், அன்பர்களே, சிந்தும் கண்ணீர் நம்முடையதே.