பல்லுக்குக் கவசம், தாடைக்கு ஓய்வு

"கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ" என்று பெண்களுக்குப் புத்தி சொல்லாத பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டா? மாமியார் வீட்டிலும் அதே புத்திமதிதான், பிறந்த வீட்டிலும் அதே புத்திமதிதான். பகலில் அது வெறும் பேச்சு. ராத்திரி தூக்கத்தில் நிஜமாகவே பல்லைக் கடிக்கிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். என் 40-வது வயதில் என் தாடையே எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது.

எங்களுக்குப் பாம்பன். வீட்டுக்காரருக்குக் கருவாட்டு வியாபாரம். என் தம்பி ராமேசுவரத்தில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறான். கடலுக்குப் போனவர்கள் கரை வந்து சேரும்வரை எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அரைத் தூக்கம்தான். காற்று கொஞ்சம் திசை மாறினாலும் விழிப்பு வந்துவிடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். புயல் இல்லாத நாட்களிலும் நிம்மதி ஏது? எல்லை தாண்டிவிட்டார்கள் என்று இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் வேறு.

இப்படியிருக்கையில், காலையில் எழுந்தாலே இரண்டு பொட்டிலும் வலி வர ஆரம்பித்தது. காதுக்குள் குத்தல். கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் 'டக்'கென்று ஒரு சத்தம். இட்லி, கஞ்சி தவிர எதை மென்றாலும் தாடை களைத்துப் போகும்.

"ராத்திரியெல்லாம் நீ நறநறன்னு பல்லைக் கடிக்கிறே. அம்மியிலே மணலைப் போட்டு அரைக்கிற மாதிரி இருக்கு!" என்றார் என் வீட்டுக்காரர்.

"வயித்திலே பூச்சி இருக்கும். வேப்பங்கொழுந்தை அரைச்சுக் குடி" என்றார் அத்தை.

முதலில் காது டாக்டரிடம் போனேன். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காது சுத்தமாக இருக்கிறது, பல் டாக்டரைப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். அடுத்துப் போன இடத்தில், "கடைசிக் கடைவாய்ப் பல்லை எடுத்துவிடலாம், வலி போய்விடும்" என்றார்கள். "சொத்தை இருக்கிறதா?" என்று கேட்டேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எடுத்துப் பார்க்கலாம் என்று பதில் வந்தது. எடுத்த பல்லைத் திரும்ப வைக்க முடியுமா? வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். மறு வாரம் ராமநாதபுரத்தில் வேறொரு டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

அவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார். "ராத்திரி பல்லைக் கடிப்பதாக வீட்டில் யாராவது சொல்கிறார்களா?" நான் அம்மிக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, என் விரல்களைக் காதுகளுக்கு முன்னால் வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடச் சொன்னார். விரலுக்கு அடியில் ஏதோ உருண்டது.

"அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடையும் மண்டையோடும் சேருகிற இடம். முழங்கால் மாதிரி இதுவும் ஒரு மூட்டு. நடுவிலே ஒரு மெத்தை மாதிரிச் சவ்வு இருக்கும். அது கொஞ்சம் நகர்ந்தால் 'டக்'கென்று சத்தம் கேட்கும். சத்தம் மட்டும் இருந்து வலி இல்லை என்றால் பயப்பட வேண்டியதில்லை. உங்களுக்கு வலிப்பது பெரும்பாலும் மெல்லுகிற தசை. ராத்திரி முழுக்க அது வேலை செய்துகொண்டிருந்தால் காலையில் வலிக்காமல் என்ன செய்யும்?"

கண்ணாடியைக் கையில் கொடுத்து என் பற்களையே எனக்குக் காட்டினார். கோரைப் பல்லின் கூர்மை தேய்ந்து மழுங்கியிருந்தது. நாக்கின் ஓரத்தில் பற்கள் பதிந்த தடம். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு. எல்லாம் பல்லை இறுக்கிக் கடிக்கிறவர்களுக்கு வருகிற அடையாளங்களாம். இந்தத் தாடை வலி ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது, அதிலும் குழந்தை பெற்று வளர்க்கிற வயதில்தான் அதிகம் என்றும் சொன்னார்.

பிறகுதான் 'ஸ்பிளின்ட்' என்ற பல் கவசத்தைப் பற்றிச் சொன்னார். இது புதுச் சரக்கு அல்ல. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வியன்னா நகரத்துப் பல் மருத்துவர் கரோலி, பல் கடிப்பதற்கும் பல்லின் கேட்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதினார். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராம்ஃப்யோர்ட், ஆஷ் என்ற இருவர் வகுத்த மாதிரிதான் 'மிச்சிகன் ஸ்பிளின்ட்' என்ற பெயரில் இன்றும் நடப்பில் இருக்கிறது. கெட்டியான, கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் செய்து, ஒரு வரிசைப் பல்லின்மேல் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்வது.

செய்கிற விதத்தைச் சொல்கிறேன். ஒரு மாவைத் தண்ணீரில் குழைத்து, தட்டில் வைத்து, பல்லின்மேல் சில நிமிடம் அழுத்திப் பிடிக்கிறார்கள். அது இறுகியதும் எடுத்தால் பல்லின் அச்சு அப்படியே விழுந்திருக்கும். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மூக்கால் மூச்சுவிட்டுச் சமாளித்தேன்.

"இந்த மாவு எதிலிருந்து வருகிறது, தெரியுமா? கடல் பாசியிலிருந்து" என்றார் டாக்டரம்மா.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆல்ஜினேட் என்ற அந்தப் பொருளைப் பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கிறார்களாம். எங்கள் ஊர்ப் பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கி எடுக்கிறார்களே கட்டக்கோரை, அது இந்த ஜாதிதான். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது பெற்றவர். கரையில் குவித்து உலர்த்துகிற பாசிக்கும் என் வாய்க்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருக்கும் என்று யார் கண்டது!

அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி என் பல் வரிசையைப் போலவே ஒரு பொம்மை செய்து, அதன்மேல் கவசத்தைச் செய்து வாங்கினார்கள். அடுத்த முறை போனபோது மாட்டிப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் முக்கியமான வேலை. கார்பன் தாள் மாதிரி நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, நீலம் அழுத்தமாகப் படிந்த இடத்தை ராவி, எல்லாப் பல்லும் ஒரே சமமாகப் படியும்வரை திருத்தினார்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் வலி கூடிவிடுமாம். அதனால்தான் அவரவர் வாய்க்கு அளவெடுத்துச் செய்ய வேண்டும் என்கிறார்கள். கடையில் வெந்நீரில் போட்டு வளைத்துக்கொள்ளும் ரப்பர் கவசங்கள் மலிவுதான். ஆனால் மெத்தென்று இருப்பதால் சிலருக்கு இன்னும் மெல்லத் தோன்றிவிடும் என்றார் டாக்டரம்மா.

முதல் வாரம் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. பேச்சு குழறியது. "வாயில் கொழுக்கட்டையா?" என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். பத்து நாளில் பழகிவிட்டது. இப்போது கவசத்தில்தான் தேய்ந்த கோடுகள் விழுகின்றன. என் பல்லில் விழவேண்டிய கோடுகள் அவை!

இனி நான் சொல்லப் போவதுதான் நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். கவசத்தைக் கையில் கொடுக்கும்போதே டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்: "இது பல்லைக் காப்பாற்றும். கடிக்கிற பழக்கத்தை நிறுத்திவிடும் என்று நினைக்காதீர்கள்." வலியைப் பொறுத்தவரை இன்னும் தெளிவாகவே சொன்னார். 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், நாள்பட்ட தாடை வலிக்கு என்ன செய்யலாம் என்று பல நாட்டு நிபுணர்கள் கூடி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். தாடைப் பயிற்சி, தசையை நீவிவிடும் சிகிச்சை, மனப் பதற்றத்தைக் குறைக்கும் பயிற்சி இவற்றைத்தான் அதில் முன்னால் வைத்திருக்கிறார்கள். வலிக்காக மட்டும் கவசம் போடுவதைப் பொதுவாக அவர்கள் சிபாரிசு செய்யவில்லை. "உங்களுக்குப் பல் தேய்ந்திருக்கிறது, அதனால் தருகிறேன். வலிக்கு நீங்களும் கொஞ்சம் உழைக்க வேண்டும்" என்றார்.

அந்த உழைப்பு என்னவென்று கேட்பீர்கள். எதற்கும் காசு வேண்டாம்.

மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சாப்பிடும்போதும் விழுங்கும்போதும்தான் தொட வேண்டும். நாள் முழுவதும் கூட்டினாலும் அது அரை மணி நேரம்கூட வராது. மற்ற நேரமெல்லாம் உதடு சேர்ந்திருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும், நாக்கு நுனி மேல்வரிசை முன்பல்லுக்குப் பின்னால் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். மீன் ஆயும்போதும், கணக்குப் பார்க்கும்போதும் நான் பல்லை இறுக்கிக்கொண்டிருப்பதைக் கவனித்த பிறகுதான், ராத்திரி மட்டுமல்ல, பகலிலும் இந்த வேலை நடக்கிறது என்று புரிந்தது. அரிவாள்மனைப் பலகையிலும் கணக்கு நோட்டிலும் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டி வைத்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லை விலக்கிக்கொள்வேன்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இரண்டு கன்னத்திலும் பத்து நிமிடம் வைத்துக்கொள்வது தசைக்கு இதம். பிறகு கன்னத்தை விரலால் வட்டமாக நீவி, டாக்டர் காட்டிக் கொடுத்த அளவுக்கு வாயை மெல்லத் திறந்து மூடலாம். கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கையைக் கொடுங்கள். வலி இருக்கும்வரை பனங்கிழங்கு, முறுக்கு, கடலை மிட்டாய், சுட்ட கருவாடு, சூயிங்கம் எல்லாவற்றுக்கும் விடுமுறை. சுறாப் புட்டும் ஆப்பமும் இருக்க நமக்கென்ன குறை? சாயங்காலத்துக்கு மேல் காப்பியைக் குறைத்துக்கொண்டேன்.

மனசுக்கு என்ன செய்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும். கையில் காசு குறைவுதான். ஆனால் தம்பி வீட்டில் படுத்துத் தூங்குகிறான் என்ற நினைப்பில் என் தாடை லேசாகிவிடுகிறது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். "தொழிலை நிறுத்த முடியாது. பயத்தைப் பேசித் தீர்க்கலாமே" என்றார். அதிலிருந்து தம்பி கடலுக்குப் போகிற ராத்திரிகளில் நானும் தம்பி பெண்சாதியும் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் படுக்கிறோம். வலி முக்கால்வாசி போய்விட்டது. கவசத்தாலா, பயிற்சியாலா, பேச்சாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

கவசம் வாங்கிக்கொள்கிறவர்களுக்குச் சில குறிப்புகள்: ராத்திரி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் பச்சைத் தண்ணீரில், மெல்லிய பிரஷ்ஷால் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். டப்பியில் போட்டு வையுங்கள். தலையணை அடியில் வைத்தால் ஒருநாள் உடைந்துவிடும். சொன்ன நாளில் டாக்டரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். காலையில் கழற்றிய பிறகு பல் சேருகிற விதம் மாறிவிட்டதாகத் தோன்றினால் உடனே போய்க் காட்டுங்கள்.

குழந்தைகள் தூக்கத்தில் பல் கடித்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். பூச்சி மருந்து கொடுத்தால் நிற்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வளர்கிற தாடைக்குப் பொதுவாகக் கவசமும் போடுவதில்லை. ஆனால் குறட்டை விட்டு, மூச்சுத் திணறி எழுந்தால், பெரியவரானாலும் குழந்தையானாலும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். மூச்சுக் கோளாறு இருப்பவர்களுக்குச் சில கவசங்கள் ஆகாது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள். சில மாத்திரைகளால் பல் கடிப்பது கூடும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வெற்றிலை பாக்கு, பான் மசாலா போடுகிறவர்களுக்கு வாய் வரவரக் குறுகி, மூன்று விரல் நுழையாமல் போனால் அது வேறு வியாதி. அதில் தாமதம் கூடாது. தாடை வலியோடு நெஞ்சடைப்பு, வியர்வை, கை வலி சேர்ந்து வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். பல் டாக்டரைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

செலவுக்குத் தயங்குகிறவர்கள் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். சென்னையில் 1953-லிருந்து ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் கிட்டத்தில், புதுக்கோட்டையில் 2023-ல் ஒன்று தொடங்கியிருக்கிறார்கள்.

எந்தப் பல் டாக்டரிடம் போனாலும், வலிக்கிற பல்லை விரலால் காட்டுவதற்கு முன்னால், "ராத்திரி பல்லைக் கடிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். தனியாகப் படுக்கிறவர்கள், காலையில் எழுந்ததும் தாடை எப்படி இருக்கிறது என்று ஒரு வாரம் காலண்டரில் குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பல்லை எடுக்கிற பேச்செல்லாம் அதற்கு அப்புறம் இருக்கட்டும்.