முதல் படி வரைக்கும்

என் மாமியார் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அந்தக் கணக்கில் அடங்கி, எழுபதுகளில், சிறுமியாகத் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர் அத்தை. மண்டபம் முகாம், பிறகு கோத்தகிரி, அங்கேயும் தேயிலைதான். தோட்டத்து மேட்டிலிருந்து நாள்தோறும் பார்த்து வளர்ந்த சிவனொளிபாதமலையை ஒருமுறைகூட ஏறாமல் புறப்பட்டு வந்துவிட்டது அவருக்கு ஆறாத குறை.

"முழங்கால் இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும் மாப்பிள்ளை. அதுக்குள்ள கூட்டிட்டுப் போங்க" என்றார்.

சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம்கூடப் பறக்க வேண்டியதில்லை. ஆனால் கட்டுநாயக்க விமான நிலையம் இருப்பது மேற்குக் கடலோரத்தில். மலையோ தீவின் நடுவே 2,243 மீட்டர் உயரத்தில். அறுபதைத் தாண்டிய ஒருவரை, ஏறுவதற்குத் தெம்போடு, சரியான நேரத்தில் முதல் படியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். என் பொறுப்பு அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

திட்டத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போட்டேன். உச்சியில் சூரியன் எழுவது காலை ஆறேகால், ஆறரை வாக்கில். நல்லதண்ணியிலிருந்து ஏறும் பாதையில் ஐயாயிரத்துக்கு மேல் படிகள். திடமானவர்கள் மூன்று, நான்கு மணி நேரத்தில் ஏறிவிடுவார்கள். அத்தைக்கு ஐந்துக்கு மேல் வைத்தேன். அப்படியானால் நள்ளிரவு கழிந்ததுமே கிளம்ப வேண்டும். அதற்கு முன் நன்றாகச் சாப்பிட்டு, சில மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். ஆகவே மாலை ஐந்து மணிக்கெல்லாம் நல்லதண்ணியில் இருக்க வேண்டும். ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். மலை வளைவுகளில் பஸ்ஸுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரமாகும். கொழும்புக் கோட்டையிலிருந்து ஹட்டனுக்கு ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். கூட்டிப் பார்த்தால் காலை ரயில் ஒன்றுதான் பொருந்தும். அந்த ரயிலைப் பிடிக்க அன்று விடியற்காலை வந்திறங்கும் விமானத்தை நம்ப முடியாது. முதல் நாளே இறங்கி, கொழும்பில் இரவு தங்க வேண்டும்.

எந்த நாள் என்பதும் போக்குவரத்தைச் சேர்ந்த கேள்விதான். யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமியில் முடிகிறது. அந்த மாதங்களில்தான் படி நெடுக விளக்கெரிகிறது, தேநீர்க் கடைகள் விடிய விடியத் திறந்திருக்கின்றன, ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு நேர் பஸ் ஓடுகிறது. மற்ற மாதங்களில் மஸ்கெலியாவில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். பிறகு மழை, காற்று, இருட்டு. யாத்திரைக் காலத்திலும் பௌர்ணமி, சனி, ஞாயிறு இரவுகளில் கூட்டம் நெருக்கும். உச்சிக்குக் கீழே வரிசை மணிக்கணக்கில் அசையாது. முழங்கால் வலிக்காரருக்கு ஏறுவதைவிடச் செங்குத்துப் படியில் நிற்பதுதான் கடினம். ஆகவே பௌர்ணமிக்குத் தள்ளி, வாரத்தின் நடுவில் ஒரு நாளைத் தேர்ந்தேன்.

எங்கிருந்து ஏறுவது என்பதையும் யோசித்தேன். ரத்தினபுரியிலிருந்து பலாபத்தலை வழியாக ஏறும் பாதை பழையது, நீளமானது. குருவிட்டவிலிருந்து எரத்னை வழியாக இன்னொன்று இருக்கிறது. ஹட்டன் வழிப் பாதையே குறுகியது. 1344இல் இந்த மலைக்கு வந்த பயணி இபின் பதூதாவும் இரண்டு பாதைகளைச் சொல்கிறார். ஒன்று பாவா வழி, மற்றது மாமா வழி. ஆதமின் பெயரில் ஒன்று, ஏவாளின் பெயரில் ஒன்று. பாவா வழி கடினம், மாமா வழி எளிது. எளிய வழியில் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே அங்குள்ளவர்கள் எண்ணுவதில்லை என்று எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கு நல்ல முழங்கால் உள்ளவர்களுக்கு. நான் ஹட்டனை வைத்துக்கொண்டேன்.

விமான நிலையத்திலிருந்து ஹட்டனுக்கு எப்படிப் போவது என்பதில்தான் அத்தையின் சொல் வேண்டியிருந்தது. வாடகைக் கார் வைத்தால் அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஐந்து மணி நேரத்தில் அடிவாரத்திலேயே இறங்கலாம். மூட்டையைத் தூக்க வேண்டாம், நடைமேடை ஏறி இறங்க வேண்டாம். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நல்ல வழி அது. மூன்று நான்கு பேராகச் சேர்ந்தால் செலவும் பகிர்ந்துபோகும். காரையும் ரயிலையும் எடுத்துச் சொன்னேன்.

"எங்கள கோச்சியிலதான் ஏத்தி அனுப்புனாங்க. கோச்சியிலயே போய் எறங்குறேன்" என்றார்.

மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர். போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்து அழுத அழுகை வைத்த பேர் அது. அதற்குமேல் நான் காரைப் பற்றிப் பேசவில்லை.

மலையக ரயிலின் முன்பதிவு இருக்கைகள் திறந்ததுமே தீர்ந்துவிடும். பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பே கொழும்பு நண்பர் ஒருவர் எங்களுக்காகப் பதிந்துவைத்தார். இரண்டாம், மூன்றாம் வகுப்பில் முன்பதிவில்லாச் சீட்டு அன்றன்றே கிடைக்கும். ஆனால் நின்றுகொண்டு போக வேண்டிவரலாம். மழையும் மண்சரிவும் அந்தத் தண்டவாளத்தைப் பலமுறை அறுத்திருப்பதால், ரயில் ஓடாவிட்டால் என்ன செய்வது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்: புறக்கோட்டையிலிருந்து ஹட்டன் பஸ், அல்லது அதே சாலையில் கார். அப்படி ஒரு தாள் சட்டைப் பையில் இருந்தால் இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

கட்டுநாயக்கவில் மாலையில் இறங்கினோம். அங்கிருந்து கொழும்புக்கு 187ஆம் இலக்கப் பஸ் உண்டு. தனியாக, ஒரு பையோடு வருகிறவருக்கு அதுவே போதும். அத்தைக்காக டாக்ஸி எடுத்தேன். 2013இல் திறந்த அதிவேகச் சாலையில் முப்பது கிலோமீட்டர் தூரம் பெரிதாகத் தெரியவில்லை. கோட்டை ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை. கொழும்புக்குள்ளேயே போக விரும்பாதவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மலையக ரயில் பாதை கம்பஹா வழியாகத்தான் போகிறது. அது விமான நிலையத்துக்குக் கிழக்கே, பக்கம்தான். முன்பதிவுச் சீட்டு கையில் இருந்தால், அங்கே நிற்கும் வண்டியாகப் பார்த்து ஏறிக்கொள்ளலாம்.

ரம்புக்கனை தாண்டியதும் ரயில் மலையேறத் தொடங்குகிறது. கடுகண்ணாவை, பேராதனை, நாவலப்பிட்டி, வட்டவளை. இந்தப் பாதை கண்டியை எட்டியது 1867இல், நாவலப்பிட்டியை 1874இல், ஹட்டனை 1884இல். முதலில் கோப்பிக்காக, பிறகு தேயிலைக்காகப் போட்ட பாதை. அதற்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அத்தையின் கொள்ளுத்தாத்தா அப்படி நடந்து வந்தவர் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறார். சன்னலோரம் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். காரில் போயிருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்குமா என்று தெரியவில்லை.

ஹட்டனில் இறங்கியதும் அத்தை நடைமேடையிலேயே நின்றுவிட்டார். எந்தப் பக்கமாக வண்டி கிளம்பியது, பாட்டி எந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று ஒவ்வொன்றாகத் தேடினார். நான் அவசரப்படுத்தவில்லை. அந்த நிலையத்துக்கென்று திட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். பஸ் நேரம், ரயில் நேரம் எல்லாவற்றையும் அட்டவணை பார்த்து எழுதிவிடலாம். இந்த ஒரு மணி நேரத்தை, கூட வருகிறவரை அறிந்தவர்தான் எழுத முடியும்.

வெளியே நடத்துநர் "நல்லதண்ணி, நல்லதண்ணி" என்று கூவிக்கொண்டிருந்தார். டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பஸ் வளைந்து வளைந்து போனது. கொழுந்துக் கூடையோடு சாலையோரம் நின்ற பெண்களிடம் அத்தை சன்னல் வழியாகவே தோட்டத்தின் பேரைச் சொல்லி விசாரித்தார். அவர்களும் எந்த ஊர் என்று கேட்காமல் பதில் சொன்னார்கள். மஸ்கெலியாவில் இப்போது இருப்பது புது ஊர். மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969இல் நிரம்பியபோது பழைய ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. நீர் வற்றும் காலங்களில் பழைய கோயிலின் இடிபாடுகள் வெளியே தெரியும். தன் அம்மா சாமான் வாங்கிய கடைத்தெரு இந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது என்றார் அத்தை.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே நல்லதண்ணியில் இருந்தோம். சோறும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு அத்தை தூங்கப் போனார். நான் அடிவாரத்துக் கடை ஒன்றில் பிளேன்டீ குடித்துக்கொண்டு, இந்த மலைக்கு வழி செய்தவர்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னன், உச்சியிலுள்ள பாதச்சுவட்டை வணங்க வருகிறவர்கள் வழியில் படும் துன்பத்தைப் பார்த்து, அவர்களுக்கு உணவளிக்கக் கிலிமலைக் கிராமத்தை எழுதிவைத்தான். பாதைகளில் தங்குமடங்கள் கட்டினான். ஹட்டன் பக்கத்து அம்பகமுவையில் அவனுடைய கல்வெட்டு இன்றும் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சன் தேவபதிராஜன் இந்த மலைக்குப் பாதை திருத்தி, ஆறுகளுக்குப் பாலம் போட்டான். இபின் பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாதத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையைச் சொன்னபோது, அந்த யாழ்ப்பாண மன்னன் கொடுத்தது என்ன? ஒரு பல்லக்கு, அதைச் சுமக்க ஆட்கள், ஆண்டுதோறும் மலைக்குப் போய்ப் பழகிய நான்கு யோகிகள், மூன்று அந்தணர்கள், தன் பரிவாரத்தில் பத்துப் பேர், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேர். வழி தெரிந்தவர், துணைக்கு ஆள், சாப்பாடு, வாகனம் என்று ஒன்றும் விடுபடாத ஏற்பாடு. விருந்தாளி ஒரு முஸ்லிம், கொடுத்தவன் சைவ மன்னன். இருவருக்கும் அந்த மலை புனிதமானது என்பதே போதுமாக இருந்தது.

இன்றும் அப்படித்தான். யாத்திரைக் காலம் தொடங்கும்போது மலையின் காவல் தெய்வமான சமனின் திருவுருவம் பெல்மதுளை விகாரையிலிருந்து ஊர்வலமாக மலைக்குப் புறப்படுகிறது. சிங்களக் கிராமங்களிலிருந்து குழுவாக வருகிறவர்களை, பலமுறை ஏறிய மூத்தவர் ஒருவர் வழிநடத்துவார். எந்த பஸ், எங்கே தங்கல், எப்போது குளியல் எல்லாம் அவர் பொறுப்பு. வழியெங்கும் தன்சல் வைத்து முன்பின் தெரியாதவர்களுக்குச் சோறும் தேநீரும் கொடுக்கிறார்கள். ஏறுகிறவருக்கு ஏறுவது வழிபாடு. வழி செய்து கொடுப்பவருக்கு அந்த வேலையே வழிபாடு. ஒரு பயணத் தாளை எழுதும்போதும் நான் அப்படித்தான் நம்பினேன்.

நள்ளிரவு தாண்டியதும் கிளம்பினோம். சீதகங்குலை ஓடையின் குளிர்ந்த நீரில் முகம் கழுவி, இந்திகட்டுப்பானை என்ற இடத்தில் மற்ற யாத்திரிகர்களைப் போல ஊசியில் நூல் கோத்துக் கட்டி, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார் அத்தை. இறங்கி வந்த சிங்களப் பெண்கள் அவர் கையைத் தொட்டு வாழ்த்திவிட்டுப் போனார்கள். நாங்கள் உச்சியை அடைந்தபோது கிழக்கு இன்னும் கறுப்பாகவே இருந்தது. எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை அங்குள்ள மணியை அடிப்பது வழக்கம். அத்தை ஒருமுறை அடித்தார். சூரியன் எழுந்ததும் கீழே தன் தோட்டம் இருக்கும் திசையை எனக்குக் காட்டினார்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த மலைக்கோ, வேறு எந்தப் புனித மலைக்கோ போக ஆசைப்பட்டால், பணத்தையும் டிக்கெட்டையும் கையில் கொடுத்து அனுப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். அவர்களோடு உட்கார்ந்து வழியைப் போடுங்கள். அவர்கள் முதல் படியில் எந்த நேரத்தில், எவ்வளவு தெம்போடு நிற்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குங்கள். விமானம் இறங்கும் நாளையும் மலையேறும் நாளையும் ஒன்றாக்காதீர்கள். முதல் ஏற்பாடு தவறினால் கைகொடுக்க இரண்டாவது ஒன்று இருக்கட்டும். வழியில் எங்கே அவர்கள் நிற்க விரும்புவார்கள் என்று கேட்டு, அதற்கும் நேரம் எழுதுங்கள். விஜயபாகு மடம் கட்டினான், தேவபதிராஜன் பாலம் போட்டான். நம்மால் ஒரு காலை ரயிலில் சன்னலோர இருக்கை பிடித்துக் கொடுக்க முடியும். அதை நன்றாகச் செய்வோம்.